அஸ்தமனக் காட்சி

கோள் மூட்டி வீரபாகுவின் கேமரா வேலையைப் பறித்த செங்கோடன், வேறு வழியில்லாமல் அவனிடமே யோசனை கேட்டு வந்தான்.

“ஏனுங்கண்ணா, சூரியன் மறையறத அஞ்சு நொடிக்கு ஒரு படமாப் புடிச்சு, வேகமா ஓட்டிக் காட்டோணும்னு மொதலாளி சொல்றாருங்க. எப்படிங்க எடுக்கறது?”

“கொண்டப்பநாயக்கன்பட்டிப் பாறை மேல கேமராவை அசையாம நிறுத்து. வெளிச்சம் கொறையக் கொறைய லென்ஸைக் கொஞ்சங் கொஞ்சமாத் தொறந்துட்டே வா.”

வீரபாகு சிரித்துக்கொண்டே சொன்னான். செங்கோடன் அந்தச் சிரிப்பையே பார்த்துவிட்டுப் போனான்.

மறுவாரம் முதலாளி படத்தை ஓட்டிப் பார்த்தார். சூரியன் கூத்தாடியது, பாதியிலேயே திரை இருண்டது. அன்றே செங்கோடனின் சீட்டுக் கிழிந்தது.

நேரே வீரபாகுவிடம் வந்தான்.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சு, மாட்டுவண்டி மேல வெச்சு, லென்ஸைத் தொடாமயே எடுத்துப்போட்டனுங்க!”

“நீ நம்பமாட்டேன்னு தெரியும். அதான் அத்தனையும் நெசமாச் சொன்னேன்” என்றான் வீரபாகு.