புள்ளி விழுந்த இடம்

“செயற்கைக்கோள் பொய் சொல்லாதுண்ணே. மழைத்தண்ணி பூமிக்குள்ள இறங்க இந்த வட்டாரத்துலயே தோதான இடம் இதுதான்.”

முள்ளுக்காட்டுக்குள் நின்றபடி லேப்டாப்பில் சிவப்புப் புள்ளியைக் காட்டினார், நிலத்தடி நீர் ஆய்வுக்கு வந்திருந்த சூரியபிரகாஷ். கூட வந்தவர் திருவாதவூர் விவசாயி கருத்தக்கண்ணன்.

“இங்க குழி வெட்டுனா எங்க கிணத்துல தண்ணி ஊறுமா சார்?”

“சுத்துப்பட்டுக்கே ஊறும். ஆனா இது பிளாட் போட்ட இடமால்ல இருக்கு. யாரோடது?”

“மதுரக்காரரு யாரோ வாங்கிப் போட்டிருக்காரு. இந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுத்ததில்ல.”

அடுத்த அடி வைத்ததும் சூரியபிரகாஷின் பேன்ட்டைக் கருவேலமுள் கிழித்தது. வந்ததே கோபம்!

“இடத்த வாங்கிப் போட்டுட்டு எட்டிப் பாக்காதவனெல்லாம் ஒரு மனுசனா? அந்தாள வரச் சொல்லுங்க. நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு வார்த்த நானே கேக்குறேன்!”

கருத்தக்கண்ணன் புரோக்கருக்குப் போன் போட்டார். “பாதுஷா மாப்ள, அந்த முள்ளுக்காட்டு பிளாட்டுக்காரர உடனே வரச் சொல்லு. குழி வெட்டணும்னு ஆபீசர் நிக்கிறாரு.”

கொஞ்ச நேரத்தில் சூரியபிரகாஷின் போன் அடித்தது. மதுரை தல்லாகுளத்து வீட்டிலிருந்து மனைவி மீனா.

“ஏங்க, திருவாதவூர் பக்கம் என் பேர்ல பிளாட் வாங்குனோம்ல? அதுக்குள்ள எவனோ குழி வெட்டப் போறானாம். புரோக்கர் பாதுஷா சொன்னாரு. வாங்குனதுலருந்து ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தீங்களா? இப்பவாவது போய் அவன என்னன்னு கேளுங்க!”

சூரியபிரகாஷ் லேப்டாப்பை மெதுவாக மூடி, பேன்ட் கிழிசலை அதைக் கொண்டு மறைத்துக்கொண்டார்.

“ஓனர இன்னும் காணோமே சார்?” என்றார் கருத்தக்கண்ணன்.

“அவரு வந்து ரொம்ப நேரமாச்சுண்ணே.”