காய்ச்சாத பால்

மாட்டுக் கொட்டகையில் ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் யாராவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று துழாவிக்கொண்டிருந்தார் பண்ணைக்காரர். கிடைத்தது ஒட்டடைதான். அது மூக்கில் ஏறி, அடுக்கடுக்காகத் தும்மல் வேறு.

வெளியே, பாத்திரமும் கையுமாக வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ‘காய்ச்சாத பாலை நேரடியாக விற்கத் தற்காலிகத் தடை’ என்று சுகாதார அலுவலகம் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பரிசோதனை முடிவு மோசமாக வந்தால் இருபது வருட லைசென்ஸ் அம்போதான்.

“எவனோ உள்ளே புகுந்து பாத்திருக்கான்!” என்று கத்திக்கொண்டே இறங்கினார். “ஆபீசர் புகாரைப் படிச்சாரே, கேட்டியா? ‘செவலைப் பசுவுக்குப் பின்பக்க இடது காம்பு வீங்கியிருக்கு, காலைப் பால் திரிதிரியா வருது’ன்னு! ரோட்டுல போறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

செவலையின் மடிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி. “தெரியாதுதான்” என்றாள்.

“பால் கம்பெனி ஏஜெண்டு! நான் அவனுக்குப் பால் ஊத்தலைன்னு கறுவிக்கிட்டே திரியறான். இல்லேன்னா எதிர்வீட்டுக்காரி. சாணி நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டே இருப்பாளே!”

“சும்மா இருங்க. அவங்க பேத்திக்கே நம்ம பால்தான்.”

“அப்போ மாட்டு டாக்டரா?”

“அவரைத்தான் நீங்க கூப்பிடவே இல்லையே.”

மனுஷனுக்கு ரத்தம் கொதித்தது. நேற்றுவரை சிரித்துப் பேசிய முகமெல்லாம் இப்போது திருட்டு முகமாகத் தெரிந்தது.

போன் அடித்தது. ஆபீசர்தான்.

“செவலை பால்ல மட்டும்தான் கிருமி. அதை ஒதுக்கி வைத்தியம் பாருங்க, அடுத்த வாரம் தடையை எடுத்துடலாம். இன்னும் ரெண்டு நாள் அந்தப் பால் வெளியே போயிருந்தா, குழந்தைங்க ஆஸ்பத்திரியில கிடந்திருக்கும். உங்க லைசென்ஸும் போயிருக்கும்.”

பண்ணைக்காரர் வைக்கோல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“சரி, நல்லதாவே போச்சு. ஆனா, எவனா இருந்தா என்ன, ஆபீசுக்கு ஓடறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மனைவி ஒத்தடத் துணியைப் பிழிந்து உதறினாள்.

“நாலு தடவை சொன்னேனேங்க!”