மூன்றாவது முகம்

மணி ஒன்பதாகப் போகிறது. நொச்சிக்குப்பத்துச் சாலையோரக் கடையில் வஞ்சிரத்தைப் பாதி வெட்டியபடி போட்டுவிட்டு மணிமொழி வீட்டுக்கு ஓடி வருகிறாள். அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்திருக்கும் கணவன் செம்பியன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்கிறான். போன மாதம்வரை அவன் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். அந்த அலைச்சல் வேண்டாமென்று இப்போது செயலி வந்துவிட்டது. தினமும் காலை ஒன்பதுக்குள் ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு வேளை வீட்டு வாசலில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மணிமொழியின் முகமும் பக்கத்தில் தெரிய வேண்டும். "கிட்ட வாம்மே, கட்டம் பச்சையாவல" என்கிறான். கன்னத்தில் ஒட்டிய செதிலை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறாள். கட்டம் சிவப்பாகவே இருக்கிறது. 'மூன்றாவது முகம் யார்?' என்று கேட்கிறது செயலி. பின்னால் அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுப்பம்மா பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் அரை நிமிடம்தான் இருக்கிறது. மீன் வேறு வெயிலில் கிடக்கிறது. மணிமொழி போனைப் பிடுங்கி, 'சுப்பம்மா' என்று சொல்லிக்கொண்டே பெயரைத் தட்டுகிறாள். "எம்பேரு இன்னாத்துக்குடி அதுல?" என்று சுப்பம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். திரையில் மூன்று முகங்களைச் சுற்றியும் பச்சைக் கட்டம் விழுகிறது. 'மாலையிலும் இதே மூவரும் தெரிய வேண்டும்' என்கிறது செயலி.