ஒருத்தர் மட்டும் வேண்டாமாம்

“கம்பெனியை வித்தாச்சு, பாஜிலா” என்றபடி அல்வாப் பொட்டலத்தை மேசையில் வைத்தார் ஜெய்லானி.

கம்பத்தில் பத்து வருடமாக நடக்கும் சின்னக் கம்பெனி. திராட்சை மண்டிகளுக்குத் தமிழில் பில் போடும் சாப்ட்வேர் செய்தார்கள். வாங்கிய சென்னைக் கம்பெனியிடம் மற்ற எல்லாக் கடைகளுக்கும் சாப்ட்வேர் இருந்தது, மண்டிக்குத்தான் இல்லை.

“நம்ம ஆளுகளை என்ன பண்ணப் போறாக?” பாஜிலா கேட்டாள்.

“ஆறு பேர்ல அஞ்சு பேரை எடுத்துக்கிறாக. ஒருத்தர் மட்டும் வேண்டாமாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “சுருளியாண்டி அண்ணனா? ஓடைப்பட்டி, தேவாரம்னு மண்டி மண்டியா அலைஞ்சு சொல்லிக் குடுத்த மனுசன். இங்கிலீஷ் வரலைன்னு கழட்டி விடுறாகளா?”

“அவரைத்தான் முதல்ல கேட்டாக. மண்டிக்காரங்க அவரு பேச்சைத்தான் கேப்பாகன்னு தெரிஞ்சு வச்சிருக்காக.”

“யாரா இருந்தா என்னங்க? எடுத்தா ஆறு பேரையும் எடுங்க, இல்லைன்னா விக்கலைன்னு சொல்ல வேண்டாமா?”

“சொல்லியிருந்தா அந்த அஞ்சு பேருக்கும் இல்லாமப் போயிருக்கும். ஆபீஸ் வாடகையே ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு.”

“அதுக்காக? பத்து வருசம் கூடவே இருந்த ஆளை நட்டாத்துல விட்டுட்டு அல்வா வேற வாங்கிட்டு வந்திருக்கீக. நாளைக்குக் காலையில அந்த ஆளு மூஞ்சியில எப்படி முழிப்பீக?”

ஜெய்லானி முகவாயைத் தடவிக்கொண்டார்.

“அதான் தெரியலை, பாஜிலா. கண்ணாடியைப் பார்த்துத்தானே ஷேவ் பண்ணணும்?”