புங்கமரத்துப் பொந்தில் பேய்

ஒரு புங்கமரத்துப் பொந்தில் அணில் ஒன்று மூன்று குட்டிகள் போட்டிருந்தது. இன்னும் கண்கூடத் திறக்காத குட்டிகள். ஒருநாள் காலையில் காக்கை ஒன்று வந்து பொந்துக்குள் எட்டிப் பார்க்கப் போனது. அணில் பொந்து வாசலுக்கு ஓடி வந்தது.

"அண்ணே, பார்க்காதீங்க. உள்ள பேய் இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது.

காக்கை திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டது. அணிலுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் அந்தப் பேய்க்குக் கோரைப்பல் முளைத்துவிட்டது. மறுநாள் அதன் காலில் யாரோ சலங்கையும் கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள், பொந்தை இடித்துப் பேயை விரட்டுவதற்காக மைனாவும் ஓணானும் ஒரு மரங்கொத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றன.

அணில் குறுக்கே பாய்ந்தது. "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். உள்ள இருக்கிறது என் பிள்ளைங்க."

மைனா பரிதாபமாகப் பார்த்தது. "ஐயோ பாவம், இவளையே பிடிச்சிருச்சு. இப்பப் பேசுறது இவ இல்ல."

மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு மரத்தில் ஏறியது.

அணில் ஒரு நொடி யோசித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, உண்மையைச் சொல்லிடறேன். இன்னைக்குக் காலையிலதான் பேய் ஆத்தைத் தாண்டிப் போச்சு" என்றது.

மரங்கொத்தி அப்படியே நின்றது. "அதான் எனக்குச் சலங்கைச் சத்தம் கேட்டுச்சா?"

"என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தானே போச்சு" என்றது ஓணான்.

பேய் என்னென்ன சொல்லிற்று என்று வழிநெடுகக் கேட்டபடி மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போயின. அணில் உள்ளே போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்தது.