ரொட்டி அடுப்புக்கு ஒரு கம்பைலர்

ரொட்டிக்கடையின் பின்கட்டில் அக்கா அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காவல் நிற்கிறாள். உள்ளே வேகிறது பள்ளிக்கூடத்து ஆர்டர். போன வாரக் கருகலை மன்னித்தவர்கள் இந்த வாரம் மன்னிக்கப் போவதில்லை. அடுப்பில் வேகும் நேரம் முடிந்ததும் அடிக்கிற மணி இருந்த இடத்தில் நான்கு கம்பிகள் மீசை மாதிரி தொங்குகின்றன. "இதைவிட நல்ல டைமரா நானே எழுதித் தர்றேன்" என்று மணியைக் கழற்றிய தம்பி, மாவு பிசையும் மேசையில் லேப்டாப்பை விரித்து வீற்றிருக்கிறான். டைமர் எழுத ஒரு கணினி மொழி வேண்டும்; எண்களை ரொட்டித் தட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுக்கிற மொழியாம். அதைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலர்கள் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. எதிலும் தம்பி ஐயாவுக்குத் திருப்தி இல்லை. ஆகவே புதிதாக ஒன்றை உலகத்துக்கு அருளிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, ஒரு நிமிஷம் வந்து பாரேன்." "ரொட்டி உள்ள இருக்குடா." "சரித்திரம் தினமும் நடக்காதுக்கா, வா." வேண்டாவெறுப்பாகப் போகிறாள். மாவு படிந்த விசைகளில் அவன் இரண்டு, மூன்று, கடைசியில் கூட்டல் குறி என்று தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். திரை யோசிக்கிறது. ஐந்து என்கிறது. "இத்தனை மாசமா இதைத்தான் செஞ்சியா? நான் விரல்விட்டே சொல்லியிருப்பேனே." "இது அஸ்திவாரம்க்கா. இதுக்கு மேல டைமர் ரெண்டு நாள் வேலை." விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலப்புகை மெல்ல மிதந்து வருகிறது. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். தட்டு தட்டாகக் கரி. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மூக்கை மட்டும் உறிஞ்சுகிறான். "பாத்தியா? இதுக்குத்தான் ஒரு நல்ல டைமர் வேணும்னு நான் அப்பவே சொன்னேன்."