கோட்டுக்கு அந்தப் பக்கம்

பம்பரம் என்ற அந்தச் சிறுமி பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தபோது எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பந்து அவள் வயிற்றுக்கடியில். அவள் மேல் மூன்று பேர். நான் விசிலும் வாயுமாகப் பின்னால் நின்றேன், ரக்பியில் ஒரு ரெஃப்ரி எங்கே நிற்கக்கூடாதோ சரியாக அந்த இடத்தில்.

ஆட்டம் முடிய அரை நிமிடம். இரண்டு பக்கமும் சமம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் அழுத்தி வைத்திருந்தால் ட்ரை; புள்ளியும் கோப்பையும் பம்பரத்தின் அணிக்கு. அதற்கு முன்பே கை நழுவியிருந்தால் ஒன்றும் கிடையாது. சமமாக முடிந்தால் போன வருடம் ஜெயித்த எதிரணியே கோப்பையை வைத்துக்கொள்ளும்.

அவள் அணிக்கு இரண்டு வாரமாகப் பயிற்சி கொடுத்தவனும் நான்தான், ரெஃப்ரியும் நான்தான். நானே ராஜா, நானே மந்திரி. விசில் பிடிக்கத் தெரிந்த மற்ற இரண்டு பேரும் வெளிநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் விடுதியில் சுருண்டு கிடந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு முகாமில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க எங்கள் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் போயிருந்தோம். கல்லூரிகளுக்கான கோப்பையை ஜெயித்ததற்குப் பரிசு இந்தப் பயணம். அந்தக் கோப்பையை வாங்கித் தந்தது என் கடைசி நிமிட ட்ரை.

முதல் நாளே எங்கள் கேப்டன் முகாம் பிள்ளைகளை உட்கார வைத்து அந்த ட்ரையின் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டான். இருபது விநாடி. நான் பாய்ந்து விழுகிறேன். ரெஃப்ரி குனிகிறார், நிமிர்கிறார், கையைத் தூக்குகிறார். அப்புறம் நான் நாலு பேர் தோளில் இருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளைகளுக்கு வேதவாக்கு. பதினொரு வயதுப் பம்பரம்தான் வீடியோவை அதிகம் பார்த்தவள். நின்ற இடத்தில் சுழன்று ஆளை ஏமாற்றுவாள் என்பதால் நான் வைத்த பெயர் அது. பாய்ந்து விழுவதை அந்த வீடியோவைப் பார்த்தே பழகினாள்.

இப்போதும் அப்படியேதான் விழுந்திருந்தாள்.

கோட்டைப் பார்க்கத் தனியாக ஆள் கிடையாது. முகாமில் எங்களுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: பார்க்காததை ஊதாதே, சந்தேகம் வந்தால் பிள்ளையையே கேள்.

மேலே கிடந்தவர்களை விலக்கிவிட்டுக் குனிந்தேன். அவர்கள் மொழியில் நான் உருப்படியாகக் கற்றிருந்த நாலைந்து வாக்கியங்களில் ஒன்றைக் கேட்டேன். பந்தைச் சரியாக வைத்தாயா?

ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சொன்னால் யார் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்? பந்துக்கா வாய் இருக்கிறது?

அவள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் ஏற்கெனவே குதிக்க ஆரம்பித்திருந்த தன் கூட்டாளிகளைப் பார்த்தாள். உதட்டில் மண் ஒட்டியிருந்தது.

தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

ட்ரை இல்லை என்று ஊதினேன். அவ்வளவுதான்.

கை குலுக்கும் வரிசையில் எதிரணிப் பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் அணிப் பிள்ளைகள் அவளை விட்டுவிட்டுக் கூட்டமாகப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி காலணியைக் கழற்றி வீசினாள்.

பம்பரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் தனியாக இருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த நாலைந்து வாக்கியங்களில் எதுவும் இதற்கு ஆகாது.

அவள் கையை நீட்டினாள். போன் வேண்டுமாம். கொடுத்தேன்.

வீடியோவைப் போட்டாள். ரெஃப்ரி குனிகிற இடத்தில் விரலால் நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினாள். பிறகு, தொட்டியில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்த டீச்சரக்காவிடம் ஏதோ கேட்டாள்.

டீச்சரக்கா எங்கள் ஊரிலிருந்து கல்யாணமாகி அங்கே போனவர். எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் அவர்தான் வாய்.

"இதுல அந்த ரெஃப்ரி குனிஞ்சு உங்ககிட்ட என்னமோ கேக்குறாரே, அது என்னன்னு கேக்குறா தம்பி."

இத்தனை நாளில், எங்கள் எட்டுப் பேரில்கூட, யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் அவர் கையைத் தூக்குவதைத்தான் பார்த்தார்கள்.

"இப்ப நான் இவகிட்ட கேட்டதுதான்க்கா."

டீச்சரக்கா அதை அவள் மொழியில் சொன்னார். பம்பரம் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் என்ன பதில் சொன்னேன் என்ற மீதிக்காகக் காத்திருந்தாள்.

காலடியில் கிடந்த பந்தை எடுத்தேன். தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, கையைத் தளர்த்தி, நழுவ விட்டேன். அது உருண்டு தொட்டியில் முட்டி நின்றது.

பிறகு, அன்றைக்கு அந்த ரெஃப்ரிக்கு ஆட்டிக் காட்டிய மாதிரியே, தலையை மேலும் கீழுமாக இரண்டு முறை ஆட்டினேன்.

டீச்சரக்கா எதையும் மொழிபெயர்க்கவில்லை.